குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் காவல் நிலையத்தில் கேட்டுப் பெறக்கூடிய உதவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிபட்டோ, ஏமாற்றப்பட்டோ, உறவினரை இழந்தோ காவல் நிலையத்தின் படியேறியவர்கள் திரும்பி வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் மனு எழுதவும் சட்ட உதவி பெறவும் வழிகாட்டும் பணியில் மீண்டும் மீண்டும் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இனி பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு எண்களையே தந்திருக்கிறேன். மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டால் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால்தான் அவற்றை விடாமல் எழுதுகிறேன்.

காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் பாதிக்கப்பட்டவருக்கு என்ன உதவி கிடைத்துவிடப் போகிறது?

இழப்பீடு, சிகிச்சை, தங்குமிடம், மனநல ஆலோசனை, இலவச வழக்கறிஞர் ஆகிய எதையும் காவல் நிலையம் நேரடியாகத் தருவதில்லை. அவற்றைத் தருபவை மருத்துவமனை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஒருங்கிணைந்த சேவை மையம், நீதிமன்றம் ஆகியவை. ஆனால் அந்த இடங்களில் கேட்கப்படும் காகிதங்களில் பெரும்பாலானவை காவல் நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. முதல் தகவல் அறிக்கையின் நகல், நிலையப் பொறுப்பு அதிகாரியின் சான்று, விசாரணையின் நிலை குறித்த தகவல் ஆகியவற்றைக் கேட்டு வாங்காமல் திரும்புகிறவர், அடுத்த அலுவலகத்தில் வெறுங்கையோடு நிற்க நேர்கிறது.

அதனால் "என்ன உதவி செய்வீர்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்தக் காகிதத்தைத் தாருங்கள்" என்று குறிப்பாகக் கேட்பது நல்லது. கீழுள்ள பதில்களில் பாதிக்குமேல் அதைப் பற்றியவைதான்.

கொலையானவர் என் அண்ணன். பாதிக்கப்பட்டவர் என்று நான் போய்க் கேட்க முடியுமா?

முடியும். குற்றச் செயலால் இழப்போ காயமோ அடைந்தவரை மட்டுமன்றி, அவருடைய காப்பாளரையும் சட்டப்படியான வாரிசையும் பாதிக்கப்பட்டவர் என்றே பி.என்.எஸ்.எஸ். 2(1)(ஒய்) பிரிவு வரையறுக்கிறது. கொலை வழக்குகளில் குடும்பத்தார் தொடக்கத்திலேயே சேகரித்து வைக்கவேண்டியவை முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகிய நான்கு. வாரிசுச் சான்றுக்கு நாள் பிடிக்கும் என்பதால் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிட வேண்டும். சட்டப்படியான வாரிசுகள் யார் என்பது இறந்தவருக்கு மனைவி மக்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. அவர்கள் இருந்தால் விண்ணப்பங்கள் அவர்கள் பெயரில் போவதே சிக்கலில்லாதது.

புகார் எழுத வக்கீல் வேண்டுமா? எனக்கு எழுதத் தெரியாது.

வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வாய்மொழியாகச் சொன்னால் அதிகாரி எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெறவேண்டும் என்று 173-ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியாகவும் தகவல் அனுப்பலாம். அப்படி அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து கையொப்பமிட்டால் அது பதிவு செய்யப்படும்.

மனுவில் நடந்த நாள், நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார் என்ற வரிசையில் எழுதினாலே போதும். நீண்ட காலப் பகையின் வரலாற்றை முதல் பக்கத்தில் எழுதி, சம்பவத்தைக் கடைசிப் பத்தியில் வைக்கும் மனுக்களை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றைப் படிப்பவர் பொறுமையிழந்துவிடுகிறார். மனுவின் இன்னொரு பிரதியில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்கக்கூடாது.

"இது எங்கள் எல்லைக்குள் வராது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 173(1) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அங்கே பூஜ்ய எண்ணில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். ரயிலில், வெளியூர்ப் பேருந்தில், வேறு மாநிலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய வசதி.

எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அது போதுமா?

பல காரியங்களுக்குப் போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு நிலையத்தின் பதிவேட்டில் ஏறியது என்பதற்கான ரசீது. எண்ணும் ஆண்டும் தேதியும் அதில் இருக்கும். வழக்கு பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இழப்பீட்டு விண்ணப்பமும் காப்பீட்டுக் கோரிக்கையும் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையையே கேட்கின்றன.

பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவலில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் முன்விசாரணைக்கு அந்தத் தீர்ப்பு இடம் தந்தது. இப்போதைய சட்டத்தில், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதல்நிலை விசாரணை நடத்தலாம் என்று 173(3) பிரிவு கூறுகிறது. ஆகவே சி.எஸ்.ஆர். கொடுத்தது எல்லா நேரமும் தவறு ஆகாது. அதைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதுதான் தவறு. ரசீது வாங்கும்போதே, எந்தப் பிரிவின்கீழ் விசாரணை நடக்கிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு பதிவானதும் அதன் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தரவேண்டும் என்று 173(2) கூறுகிறது. முதல் தகவல் அறிக்கைப் படிவத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: புகார்தாரருக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாகப் பதிவாகியிருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார், நகல் இலவசமாக வழங்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிலேயே இருக்கும். அதன்கீழ்க் கையொப்பமிடும் பலர் நகலைக் கையில் வாங்காமலே வந்துவிடுகிறார்கள்.

புகாரையே வாங்க மறுத்தால் யாரிடம் போவது?

புகாரின் சாரத்தை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) விண்ணப்பிக்கலாம். 173(4), 175(3) பிரிவுகள் இதற்கானவை. நடுவரிடம் உறுதிமொழிப் பத்திரத்துடன் செல்லவேண்டும் என்பதாலும், கண்காணிப்பாளரை முன்பே அணுகியதை அதில் காட்டவேண்டும் என்பதாலும், அஞ்சல் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துவது மிக முக்கியம்.

பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதிவு செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டாண்டு வரையிலான கடுங்காவல் தண்டனையை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு விதிக்கிறது. இதை நிலையத்தில் சத்தமாகச் சொல்வதைவிட மனுவில் ஒரு வரியாக எழுதுவதே பலன் தரும் என்பது என் எண்ணம்.

அடிபட்டிருக்கிறது. முதலில் ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனா?

ஆஸ்பத்திரிதான். காவல்துறை வந்த பிறகே சிகிச்சை என்று எந்த மருத்துவரும் காத்திருக்கக்கூடாது என்பதை 1989-ஆம் ஆண்டின் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் உள்ளானோருக்கு அரசு மருத்துவமனை மட்டுமன்றித் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தந்து உடனே காவல்துறைக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 397-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மற்ற வகைப் பாதிப்புகளில், நிலையப் பொறுப்பு அதிகாரியோ நடுவரோ சான்றளித்தால், உடனடி முதலுதவியையும் மருத்துவ வசதியையும் இலவசமாக அளிக்கச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உத்தரவிடலாம் என்று 396-ஆம் பிரிவு கூறுகிறது. கேட்பாரில்லாமல் கிடக்கும் உரிமைகளில் இதுவும் ஒன்று.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள்; ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். "தெரிந்த இருவர் கட்டையால் தாக்கியதாகக் கூறினார்" என்பதுபோல, நீங்கள் முதன்முதலில் மருத்துவரிடம் சொன்னது அதில் அப்படியே பதிவாகும். பயத்தில் கீழே விழுந்துவிட்டேன் என்று அங்கே சொல்லிவிட்டு, மறுநாள் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கும். எத்தனை பேர், எந்த ஆயுதம், எந்த நேரம் என்பதை உள்ளது உள்ளபடி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் ஒரு பெண். ஸ்டேஷனுக்குப் போகாமலே வாக்குமூலம் கொடுக்க முடியுமா?

சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 179-ஆம் பிரிவு கூறுகிறது. பதினைந்து வயதுக்குக் குறைந்தோர், அறுபது வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், புகாரையே அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் பதிவு செய்து வீடியோ எடுக்கவேண்டும்.

நேரில் செல்ல விரும்பினால் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலாவது 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கியது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்கள் இரவும் பகலும் இயங்குகின்றன.

பாலியல் குற்றம் என்றால் பெயர் வெளியே வந்துவிடுமே? அந்தப் பரிசோதனையும் பயமாக இருக்கிறதே?

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் காட்டும் எந்த விவரத்தையுமோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இத்தகைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் பொதுத்தளத்தில் வைக்கக்கூடாது என்று 2018-இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருப்பெயர், பள்ளியின் பெயர், தந்தையின் பெயர் ஆகியவையும் அடையாளங்களே என்பதால், உறவினர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஆதங்கத்தோடு பகிரும் செய்திகளும் இந்தத் தடைக்குள் வரும். பலர் இதை உணர்வதில்லை.

மருத்துவப் பரிசோதனை பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துடன், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நடக்கவேண்டும். பெண்ணுறுப்பில் விரல்விட்டுச் சோதிக்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் வலியுறுத்தியது. அப்படிச் செய்ய முற்பட்டால் மறுத்துவிடலாம். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைப்பதும், இயன்றால் குளிக்காமல் செல்வதும் தடயத்தைக் காக்கும். ஆனால் குளித்துவிட்டதாலோ நாள் கடந்ததாலோ புகார் செல்லாமல் போவதில்லை.

குழந்தையை விசாரணைக்கு அழைத்துவரச் சொல்கிறார்கள். அழைத்துப் போகலாமா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 24-ஆம் பிரிவின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்யவேண்டும். இயன்றவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி சீருடையின்றி வந்து பதிவு செய்யவேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. வழக்கு விவரத்தைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். குழந்தைக்குத் துணையாக வழக்கு முடியும்வரை உடனிருக்கும் ஆதரவு நபரை நியமிப்பது அந்தக் குழுவின் பொறுப்பு. ஆதரவு நபர் நியமிக்கப்பட்டாரா என்று பெற்றோரே கேட்டால்தான் பல இடங்களில் காரியம் நடக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கணவர் அடிக்கிறார். வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்ப விருப்பமில்லை. பாதுகாப்பு மட்டும் வேண்டும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதற்காகவே இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை நடுவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் விண்ணப்பத்தைத் தயாரிக்க உதவுவார். இந்த வழிகளைப் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது காவல் அதிகாரியின் கடமை என்று அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது.

அன்றிரவே வீட்டை விட்டு வெளியேறவேண்டிய நிலை என்றால், 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குழந்தைகளுடன் தற்காலிகமாகத் தங்கலாம். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். 181-ஐ அழைத்தாலும் அங்கே இணைப்பார்கள். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லக்கூடாத இடம் அது.

இணையத்தில் பணம் போய்விட்டது. ஸ்டேஷனுக்குப் போனால் சைபர் கிரைமுக்குப் போகச் சொல்கிறார்கள்.

எங்கும் போவதற்கு முன்னால் 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் அதை முடக்குவதே அந்த எண்ணின் நோக்கம் என்பதால், நாட்களல்ல, நிமிடங்களே கணக்கு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த வங்கி அல்லது செயலி என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். வங்கிக்கும் தனியாக எழுத்தில் தெரிவிக்கவேண்டும். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரின் ஊடுருவலால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

சாதியைச் சொல்லித் தாக்கினார்கள். தனியாக ஏதேனும் உதவி உண்டா?

உண்டு, மற்ற வழக்குகளைவிட இங்கே உதவி விரைவானது, தெளிவாக வரையறுக்கப்பட்டதும்கூட. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன்கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு கூறுகிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலன்விசாரணை செய்யவேண்டும். குற்றத்தின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை தீருதவித் தொகையை 2016-இல் திருத்தப்பட்ட விதிகள் வகுத்திருக்கின்றன. கொலை வழக்கில் அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே தரப்படவேண்டும். மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதும்.

விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றுவரப் பயணப்படியும் தினப்படியும் உண்டு. தொகை மாவட்ட நிர்வாகத்தின் வழியாக வருவதால், சாதிச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும் தாமதமின்றிச் சேர்ந்தனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைத் தனி அத்தியாயமாகவே பட்டியலிடுகிறது. அதன் தமிழ் நகலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் படிப்பது வீண்போகாது.

புகார் கொடுத்து மாதக்கணக்காகிறது. கேட்டால் "விசாரணையில் இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறார்கள்.

விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193(3) பிரிவு கூறுகிறது. குறுஞ்செய்தி போன்ற மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம். தொண்ணூறாம் நாள் கடந்ததும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, கண்காணிப்பாளருக்கு நகல் அனுப்புங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் முக்கியமான போக்சோ வழக்குகளிலும் விசாரணையே இரண்டு மாதங்களுக்குள் முடியவேண்டும்.

குற்றப்பத்திரிகை தாக்கலான பின், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகல்கள் கிடைக்கும் (பிரிவு 230). பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம்.

ஜாமீனில் வந்தவர் வீட்டு வாசலில் நின்று மிரட்டுகிறார்.

ஒவ்வொரு மிரட்டலையும் தேதி, நேரத்தோடு தனிப் புகாராகக் கொடுங்கள். பொய்ச்சாட்சி சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம். அந்தப் புகார்களின் நகல்கள்தாம் பிணையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு அடித்தளம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தவற்றை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பிணை மனுவின் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் தரப்பையும் கேட்கவேண்டும் என்பதை 2022-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அச்சுறுத்தல் கடுமையாக இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற திட்டப்படி, மாவட்ட நீதிபதியின் தலைமையிலான குழு இதை முடிவு செய்யும். காவல்துறை அச்சுறுத்தல் குறித்த அறிக்கையை ஐந்து வேலை நாட்களுக்குள் தரவேண்டும். வீட்டருகே ரோந்து, கேமரா பொருத்துதல், நீதிமன்றத்துக்குப் பாதுகாப்புடன் அழைத்துச் செல்லுதல் ஆகியவை அதன்கீழ்க் கிடைக்கக்கூடியவை.

திருடுபோன நகை பிடிபட்டது. வழக்கு முடிந்தால்தான் தருவார்களா?

இல்லை. பொருளைப் படமெடுத்து, பட்டியலிட்டு, உரிமையாளரிடம் இடைக்காலமாக ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். நகைக்கடை ரசீது, அதை அணிந்திருக்கும் பழைய திருமணப் படம் ஆகியவை உரிமையைக் காட்ட உதவும். கேட்டபோது காட்டுவதாகப் பிணைமுறி எழுதித் தரவேண்டியிருக்கும். அதுவரை அந்த நகையை விற்கவோ உருக்கவோ கூடாது.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்? யாரிடம் கேட்பது?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம். தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்த திட்டம், பாலியல் வன்புணர்வுக்கு ரூ.4 லட்சம் முதல் ரூ.7 லட்சம், உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் என வரம்புகளைச் சொல்கிறது. இத்திட்டத்தின்கீழ், சம்பவம் நடந்தோ நீதிமன்ற விசாரணை முடிந்தோ மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சிகிச்சைக்கோ குடும்பச் செலவுக்கோ இடைக்கால இழப்பீட்டை உடனே கேட்கலாம். விண்ணப்பத்துடன் முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவச் சான்றுகள், செலவு ரசீதுகள், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றை இணையுங்கள். குற்றவாளிக்கு விதிக்கப்படும் அபராதத்திலிருந்து நீதிமன்றம் தரச்சொல்லும் தொகை வேறு, அரசு நிதியிலிருந்து வரும் இது வேறு.

குற்றவாளி யாரென்றே தெரியவில்லை என்று வழக்கு கிடக்கிறது. அப்படியானால் இழப்பீடு கிடையாதா?

கிடைக்கும். குற்றவாளி கண்டுபிடிக்கப்படாமல், நீதிமன்ற விசாரணையே நடக்காத நிலையிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ விண்ணப்பிக்கலாம் என்று 396(4) பிரிவு சொல்கிறது. ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிவெடுக்கவேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தால் ஏற்பட்ட பாதிப்புக்கு வேறு திட்டம் இருக்கிறது: 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. அதற்கு வருவாய்த்துறையிடம் விண்ணப்பிக்கவேண்டும்.

"பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

அவசரப்பட்டுப் போடாதீர்கள். சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்கள் எவை என்று 359-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. சிறு காயம், அவதூறு போன்றவை அதில் உண்டு. பாலியல் வன்கொடுமையும் போக்சோ குற்றங்களும் இல்லை. அவற்றை நிலையத்தில் வைத்துப் பேசி முடிப்பதற்குக் கட்டப்பஞ்சாயத்து என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

சமரசத்துக்குரிய குற்றமானாலும், உண்மையிலேயே உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும், எழுதியதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டுக் கையொப்பமிடலாம். வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவான பின் புகார்தாரர் நினைத்தபடி அதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் மனதில் கொள்ளுங்கள். அதை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உண்டு.

"வழக்கு முடிக்கப்பட்டது" என்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்ய முடியும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று வழங்கும் அது காவல்துறையின் முடிவு மட்டுமே; நீதிமன்றத்தின் முடிவு அல்ல. அந்த அறிக்கையை ஏற்பதற்கு முன் புகார்தாரரைக் கேட்கவேண்டும் என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நடுவர் முன் எதிர்ப்பு மனு தாக்கல் செய்து, விசாரிக்கப்படாத சாட்சிகளையும் கைப்பற்றப்படாத ஆவணங்களையும் சுட்டிக்காட்டி, மேல்விசாரணை கேட்கலாம். நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும்போது தேதியையும் சேர்த்து எழுதுங்கள். நோட்டீஸே தராமல் முடித்துவிட்டதாகத் தெரிந்தால், அதையே மனுவின் முதல் காரணமாக வைக்கலாம்.

என்னைத் துன்புறுத்தியவரே காவல்துறையைச் சேர்ந்தவர். அதே ஸ்டேஷனில் போய் எப்படிக் கேட்பது?

அங்கே போகவேண்டாம். மேலே சொன்னபடி வேறு நிலையத்தில் பூஜ்ய எண்ணில் பதியலாம். கண்காணிப்பாளரையும் நடுவரையும் அணுகலாம். மாநில மனித உரிமை ஆணையத்திலும் புகார் செய்யலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்துவிடவேண்டும். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கவேண்டும் என்றும், பதிவுகளைப் பாதுகாக்கவேண்டும் என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், நிலையத்துக்குள் நடந்த சம்பவமானால் அந்த நாள், நேரத்தின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதல் மனுவிலேயே கேட்டுவிடவேண்டும்.

விசாரணை முடிந்து எதிரி விடுதலையாகிவிட்டார். வாங்கிய இழப்பீட்டைத் திருப்பித் தரவேண்டுமா? மேல்முறையீட்டை அரசுதான் செய்யவேண்டுமா?

விடுதலை என்பதாலேயே இழப்பீடு பறிபோவதில்லை. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கண்டால் நீதிமன்றமே இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம் என்று 396(3) பிரிவு கூறுகிறது. பொய்யாகப் புனைந்து பெறப்பட்டது என்று தெரியவரும் தொகையைத் திரும்பப் பெறுவது வேறு விஷயம். சாட்சியம் போதவில்லை என்பதால் ஏற்பட்ட விடுதலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மேல்முறையீட்டுக்கு அரசை எதிர்பார்க்கவேண்டியதில்லை. விடுதலையை எதிர்த்தும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தும், போதாத இழப்பீட்டை எதிர்த்தும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்ய 413-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தண்டனையின் அளவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவர் மேல்முறையீடு செய்ய முடியாது. அது அரசின் வேலை. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, இலவச வழக்கறிஞருக்கு மேலே சொன்ன ஆணைக்குழுவை அணுகுங்கள். உயர் நீதிமன்றத்திலும் அதற்குத் தனிக் குழு இருக்கிறது.